மாமியார் கொடுத்த எக்ஸ் குரோமோசோம்

ஆண்களின் குழந்தையின்மை, அதன் பின்னால் இருக்கும் புரதங்கள், ஆய்வகங்கள் பற்றி இந்த முறை கேட்கலாம் என்று சொல்லியிருந்தோம். கடிதங்கள் குவிந்தன. ஒன்றிலும் பெயர் இல்லை. ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

‘புரத வெளிப்பாடு’ என்பதை மனப்பாடம் செய்துவிட்டேன். புரியத்தான் இல்லை. (பி.எஸ்சி. மாணவர், விருதுநகர்)

மதிப்பெண் வந்துவிடும், கவலைப்படாதீர்கள். உங்கள் கல்லீரல் செல்லிலும் கண் செல்லிலும் இருப்பவை ஒரே மரபணுக்கள்தாம். புரதம் செய்யத் தெரிந்தவை ஏறக்குறைய 20,000. எல்லாவற்றையும் எந்தச் செல்லும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. எந்தப் புரதத்தை, எவ்வளவு, எப்போது செய்கிறது என்பதுதான் வெளிப்பாடு. ஸ்வீடன்காரர்கள் உடம்பின் ஒவ்வொரு திசுவையும் அலசி ‘மனிதப் புரத அட்லஸ்’ என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். தனக்கென்றே உரிய மரபணுக்களை அதிகமாக இயக்கும் உறுப்பு எது என்று பார்த்தால், முதலிடம் விரைக்கு. மூளை அடுத்துத்தான் வருகிறது. ஆண்கள் எதை வைத்து யோசிக்கிறார்கள் என்ற பழைய வழக்கில் இதை ஆதாரமாகத் தாக்கல் செய்ய வேண்டாம்.

தினமும் இரண்டு ஸ்கூப் வே புரோட்டீன் குடிக்கிறேன். விந்தணுவில் புரதம் கூடுமா? (ஜிம் ரசிகர், கோவை)

கூடாது. குடித்த புரதம் வயிற்றைத் தாண்டும்போது அமினோ அமிலங்களாக உதிர்ந்துவிடும். அதை வைத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பது செல். டப்பாவில் படம் போட்டவர் அல்ல.

ஸ்கூப்பைப் பற்றி எனக்குப் பயமில்லை. ஜிம்மில் யாராவது ஊசியை நீட்டினால்தான் பயம். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போனதும் மூளைக்கடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, ‘ஆள் இருக்கிறான், நமக்கு வேலையில்லை’ என்று விரையை வேலை வாங்கும் எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். ஹார்மோன்கள் இரண்டையும் நிறுத்திவிடும். இரத்தத்தில் ஹார்மோன் ஏறியிருக்கும், விரைக்குள் இறங்கிவிடும். விந்தணு உற்பத்தி அங்கேயே படுத்துவிடும். உலக சுகாதார நிறுவனம் இதே ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாக வாரம் ஒன்று வீதம் போட்டுப் பார்த்து 1990இல் முடிவை வெளியிட்டது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு கவுன்ட் பூஜ்யம். அவர்கள் தெரிந்தே போட்டுக்கொண்டார்கள். ஜிம் பையன்கள் புஜத்துக்காகப் போட்டுக்கொண்டு, கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்து டாக்டரிடம் வந்து முழிக்கிறார்கள். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு அதற்கும் மேல்.

ஒரு புரதம் விரையில் மட்டும் ஏராளமாக இருக்கிறது. அப்படியானால் அது இனப்பெருக்கத்துக்கு அவசியம்தானே? (ஆராய்ச்சி மாணவி, திருச்சி)

உங்கள் வழிகாட்டியும் அப்படித்தான் சொல்லியிருப்பார். உலகமே அப்படித்தான் நினைத்தது.

ஜப்பானில் ஒசாகா பல்கலைக்கழகத்தின் மசாஹிடோ இகாவாவும், அமெரிக்காவில் ஹூஸ்டனைச் சேர்ந்த மார்ட்டின் மாட்சுக்கும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். விரையில் அதிகம் வெளிப்படுபவை, எலியிலிருந்து மனிதன்வரை பரிணாமம் பத்திரமாகக் காத்து வந்தவை என்று சந்தேகத்துக்கு இடமில்லாத மரபணுக்களாகப் பார்த்துப் பொறுக்கினார்கள். ஒவ்வொன்றாக நீக்கிச் சுண்டெலிகளை உருவாக்கி, ஆண் எலிகளைப் பெண் எலிகளோடு விட்டார்கள். 2016இல் வந்த கட்டுரையின் தலைப்பிலேயே விடை இருந்தது: 54 மரபணுக்கள், ஒன்றுகூட ஆண் எலியின் குழந்தைப்பேறுக்குத் தேவைப்படவில்லை. எல்லா வகை எலிகளும் ஜாம் ஜாமென்று அப்பாவாகிவிட்டன.

‘ஒன்றும் நடக்கவில்லை’ என்பதை ஐம்பத்து நான்கு தடவை சொல்லும் கட்டுரையை எழுதத் தனித் துணிச்சல் வேண்டும். என் பார்வையில் இந்தத் துறையில் வந்த மிக நேர்மையான கட்டுரைகளில் இது ஒன்று. இதற்குப் பிறகும் ‘விரையில் வெளிப்படுகிறது, எனவே முக்கியமானது’ என்று ஆய்வேட்டில் எழுதுகிறவர்களைத் தேர்வாளர் சும்மா விடக் கூடாது.

இன்னொன்றும் காதில் போட்டுக்கொள்ளுங்கள். ஆன்டிபாடியால் புரதத்தைத் தேடும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் எதிர்பார்த்த இடத்தில் கறுப்பாக ஒரு பட்டை தெரிந்ததும் ஸ்வீட் வாங்கப் போகாதீர்கள். அந்தப் புரதமே இல்லாதபடி மரபணு நீக்கப்பட்ட எலியின் திசுவிலும் அதே ஆன்டிபாடியைப் போட்டுப் பாருங்கள். அங்கேயும் அதே பட்டை தெரிந்தால், உங்கள் ஆன்டிபாடி இத்தனை நாள் வேறு யாரையோ அடையாளம் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

சரி, நீக்கினால் நிஜமாகவே வேலை கெடும் புரதம் ஒன்றையாவது காட்டுங்கள். (அதே மாணவி, அதே திருச்சி)

கோபம் நியாயமானது. இஸுமோ.

விந்தணு முட்டையோடு ஒன்று சேர்வதைத் தடுக்கும் ஓர் ஆன்டிபாடி ஒசாகாவில் மசாரு ஒகாபேயின் கையில் வெகுகாலமாக இருந்தது. அது எதைப் பிடித்துக்கொண்டு தடுக்கிறது என்று துருவியதில் 2005இல் ஒரு புரதம் மாட்டியது. ஜப்பானில் திருமண பந்தத்துக்குப் பேர்போன ஆலயத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். கும்பகோணம் பக்கம் கண்டுபிடித்திருந்தால் ‘திருமணஞ்சேரி’ என்று வைத்திருப்போம்.

இஸுமோ இல்லாத ஆண் எலிக்கு எண்ணிக்கை குறையவில்லை, நீச்சல் குறையவில்லை, உருவமும் சரி. விந்தணு முட்டையைத் தேடிப் போய், வெளியுறையையும் துளைத்து, முட்டையின் வாசல்வரை போய் நின்றுவிடுகிறது. உள்ளே போக முடியவில்லை. அதே விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் வைத்தால் குட்டி பிறக்கிறது. ஆக, கெட்டது அந்த ஒரு படி மட்டும்.

அடுத்த சோதனை இன்னும் அழகு. விந்தணுவுக்குச் சம்பந்தமே இல்லாத குரங்குச் சிறுநீரகச் செல்லில் இஸுமோவை வெளிப்படுத்தி, முட்டையருகே விட்டார்கள். சிறுநீரகச் செல் முட்டையோடு ஒட்டிக்கொண்டது! ஆனால் இரண்டும் ஒன்றாகக் கலக்கவில்லை. ஒட்டுவதற்கு இஸுமோ போதும், கலப்பதற்குப் போதாது என்று தெரிந்தது. ஒரு புரதத்தை அதன் சொந்த வீட்டிலிருந்து கிளப்பி அந்நியச் செல்லில் குடிவைத்துப் பார்ப்பதன் பயன் இதுதான்.

முட்டைப் பக்கம் இஸுமோவின் கையைப் பிடிப்பது யார்? இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே சாங்கர் ஆய்வகத்தில் என்ரிகா பியாங்கியும் கேவின் ரைட்டும் 2014இல் விடை சொன்னார்கள். பிடி மிகவும் தளர்ச்சியானது. ஒற்றைப் புரதத்தை வைத்துத் தேடினால் நழுவிவிடும். அதனால் இஸுமோக்களைக் கொத்தாகக் கட்டினார்கள். முட்டையின் மரபணுக்களை மனிதச் செல்களில் வெளிப்படுத்தி, கொத்து எந்தச் செல்லில் போய் ஒட்டுகிறது என்று பார்த்தார்கள். கிடைத்த புரதத்துக்கு ரோமானியக் கல்யாண தெய்வத்தின் பெயர்: ஜூனோ. அது இல்லாத பெண் எலிக்குக் குட்டி இல்லை. ஒரு விந்தணு உள்ளே போன 40 நிமிடங்களுக்குள் முட்டை தன் மேலிருக்கும் ஜூனோவை எல்லாம் உதறிவிடுகிறது. வரிசையில் நிற்கும் மற்றவர்களுக்கு வாசல் மூடியாயிற்று.

கதை முடிந்ததா என்றால் இல்லை. அடுத்தடுத்து ஸ்பாக்கா6 முதலிய புரதங்கள் கிடைத்தன. 2024இல் வியன்னாவின் ஆண்ட்ரியா பவுலி குழுவும் ஒசாகாக்காரர்களும், ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு நிரலின் ஊகத்தைப் பிடித்துக்கொண்டு போய், இஸுமோ, ஸ்பாக்கா6, டிமெம்81 மூன்றும் விந்தணுவின் மேல் கூட்டணியாக நிற்பதைக் காட்டினார்கள். ஆல்ஃபாஃபோல்டுக்கு நோபல் கிடைத்ததும் அதே வருடம்தான்.

ஒரு இனத்தின் விந்தணு வேறு இனத்து முட்டைக்குள் போகுமா? (வாசகர், நாகர்கோவில்)

அதே வியன்னா ஆய்வகம் 2018இல் செய்து காட்டியது. வரிக்குதிரை மீன் முட்டையில் ‘பவுன்சர்’ என்றொரு புரதம், பெயருக்கேற்றபடி வாசலில் நிற்கிறது. அதை எடுத்துவிட்டு ஜப்பானிய மெடாக்கா மீனின் பவுன்சரை வெளிப்படுத்தினார்கள். மெடாக்கா விந்தணு உள்ளே போய்விட்டது. எல்லா முட்டைகளிலும் இல்லை, சிறு பங்கில். 10 கோடி வருடங்களுக்கு மேல் பிரிந்து கிடந்த மீன்களுக்கு ஒரு புரதம் போதுமாக இருக்கிறது. நம்மூரில் காதலித்தவர்களுக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ், போலீஸ் பாதுகாப்பு, நீதிமன்ற உத்தரவு எல்லாம் வேண்டும்.

விந்தணுவின் தலை அவ்வளவு சின்னது. அத்தனை டி.என்.ஏ. அதற்குள் எப்படி அடங்குகிறது? (ஆசிரியை, திண்டுக்கல்)

புரோட்டமைன் என்ற புரதம் டி.என்.ஏ.வை இறுக்கிக் கட்டுகிறது. வழக்கமாக டி.என்.ஏ.வைச் சுற்றி வைத்திருக்கும் ஹிஸ்டோன்களை வெளியேற்றிவிட்டு இது உட்காரும். 1874இல் ஃபிரீட்ரிக் மீஷர் ரைன் ஆற்றுச் சால்மன் மீனின் விந்திலிருந்து எடுத்தார். இதய அறுவை சிகிச்சையில் இரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் கொடுப்பார்களே, அதன் வேலை முடிந்ததும் முறிக்கப் போடும் மருந்து புரோட்டமைன்தான். பைபாஸ் செய்துகொண்ட சுத்த சைவ மாமாக்களிடம் இதைச் சொல்லத் தேவையில்லை.

இதில் ரசமானது நேரக் கணக்கு. விந்தணு ஆகப்போகும் செல், புரோட்டமைனுக்கான ஆர்.என்.ஏ. ஓலையை முன்கூட்டியே எழுதிவிடும். ஆனால் பல நாட்கள் அதைப் படிக்காமல் பூட்டி வைத்திருக்கும். ஏன்? டி.என்.ஏ.வை இறுக்கிக் கட்டிவிட்டால் அதன்பின் எந்த மரபணுவையும் படிக்க முடியாது. ஊருக்குக் கிளம்புகிறவர், மாற்றுத்துணி வைப்பதற்கு முன்பே பெட்டியைப் பூட்டி சாவியைக் கிணற்றில் போட்ட கதையாகிவிடும். 1995இல் அமெரிக்காவில் எலியின் ஓலையிலிருந்து அந்தப் பூட்டை நீக்கிப் பார்த்தார்கள். புரோட்டமைன் சீக்கிரமே உற்பத்தியானது, உட்கரு முன்னதாகவே சுருங்கியது, விந்தணு வளர்ச்சி பாதியில் நின்றது, எலி மலடானது. அதே புரதம்தான், சில நாட்கள் முந்திவிட்டது, அவ்வளவுதான்.

அளவும் அப்படியே. இரண்டு பிரதியில் ஒன்றை இழந்தாலே ஆண் எலிக்குக் குட்டியில்லை என்று 2001இல் ஒரு ஆய்வு சொன்னது.

ஆய்வுக் கட்டுரைகளில் ‘ஹெக் 293’ என்று வருகிறதே, அந்த 293 என்ன? (வாசகர், ஓசூர்)

1973இல் நெதர்லாந்தின் லெய்டனில் ஃபிராங்க் கிரஹாம் செய்த 293ஆவது சோதனை. கருவின் சிறுநீரகத்திலிருந்து வந்த செல். அதற்குமுன் நடந்தவை என்ன ஆயின என்று யாரும் கேட்பதில்லை.

கூடவே சீன வெள்ளெலியின் சூலகச் செல் என்றொன்று உண்டு. மருந்துத் தொழிற்சாலைகள் பிரம்மாண்டமான தொட்டிகளில் வளர்ப்பது இதைத்தான். மனித எஃப்.எஸ்.ஹெச். ஹார்மோனை அதில் வெளிப்படுத்தி மருந்தாக்குகிறார்கள். பிட்யூட்டரி ஹார்மோன் சுரக்காததால் விந்தணு இல்லாத ஆண்களுக்கு அந்த ஊசியை, எல்.ஹெச். வேலையைச் செய்யும் ஹெச்.சி.ஜி.யோடு சேர்த்துக் கொடுத்து, குழந்தை பிறக்க வைக்க முடிகிறது. ஆணுக்கு விந்தணு வர, எலியின் சூலகம் உழைக்கிறது.

ரிப்போர்ட் எல்லாம் நார்மல் என்கிறார்கள். ஐந்து வருடமாகக் குழந்தை இல்லை. (கணவர், ஈரோடு)

ரிப்போர்ட் எண்ணுகிறது, அளக்கிறது, நீந்துகிறதா என்று பார்க்கிறது. புரதம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. மேலே சொன்ன இஸுமோ இல்லாத எலியின் ரிப்போர்ட்டும் நார்மலாகத்தான் வந்திருக்கும்.

மனிதனில் இதற்கு நல்ல உதாரணம் கேட்ஸ்பர். விந்தணுவின் வாலில் இருக்கும் கால்சியம் வாசல். 2001இல் டேவிட் கிளாபம் ஆய்வகம் கண்டுபிடித்தது. முட்டையை நெருங்கும்போது விந்தணு வாலைச் சாட்டையாக வீசி வேகமெடுக்க வேண்டும்; அதற்குக் கால்சியம் உள்ளே பாய வேண்டும். கேட்ஸ்பர் வேலை செய்யாத ஆண்கள் சிலருக்கு வழக்கமான பரிசோதனையில் எண்ணிக்கை, நீச்சல் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. கடைசிக் கட்ட வேகம் மட்டும் வராது. பல துணைப் புரதங்கள் கூடிக் கட்டும் வாசல் என்பதால் இதை ஹெக் செல்லிலும் மற்றவற்றிலும் ஒழுங்காகக் கட்டியெழுப்ப முடியாமல் ஆய்வாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். கடைசியில் விந்தணுவையே பிடித்து அதன் மேல் கண்ணாடி மின்முனை ஒட்டி அளக்க வேண்டியதாயிற்று.

உங்களுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. ‘நார்மல்’ என்றால் விசாரணை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளாமல் ஆண்ட்ராலஜி தெரிந்த மருத்துவரைப் பாருங்கள்.

ரிப்போர்ட்டில் 96 சதவீதம் உருவம் கெட்டவை என்று இருக்கிறது. வாழ்க்கையே வெறுத்துவிட்டது. (புது மாப்பிள்ளை, சேலம்)

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி 4 சதவீதம் ஒழுங்காக இருந்தால் போதும். நீங்கள் பாஸ். சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள்.

எங்கள் வம்சத்தில் இப்படி யாருக்கும் கிடையாது. என் பையனுக்குக் குறை என்று டாக்டர் சொன்னால் நான் நம்ப வேண்டுமா? (ஒரு மாமியார், மயிலாடுதுறை)

அம்மா, உங்கள் மகனுக்கு ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து வந்தது. எக்ஸ் உங்களிடமிருந்து.

டெக்ஸ்11 என்ற மரபணு எக்ஸில் இருக்கிறது. அது பழுதானால் விந்தணுவுக்கான செல்கள் குன்றல் பகுப்பின் நடுவிலேயே நின்றுவிடும்; விந்தில் ஒரு விந்தணுகூட வராது என்று 2015இல் நோயாளிகளிடம் காட்டினார்கள். ஹைதராபாத் சி.சி.எம்.பி.யில் குமாரசாமி தங்கராஜ் குழு, எக்ஸிலேயே இருக்கும் டெக்ஸ்13பி பழுதாவதையும் குழந்தையில்லாத ஆண்களிடம் கண்டது. எலியின் விந்தணுத் தாய்ச்செல்லில் அதை நீக்கியபோது செல்லின் ஆற்றல் கணக்கே மாறிப்போனது. இந்தப் புரதங்களின் வேலை விரையில்தான் என்பதால், பழுதைச் சுமக்கும் பெண்ணுக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. வரிசையாகப் பிள்ளை பெறுவார். வம்சத்தில் தேடுவதானால் உங்கள் புகுந்த வீட்டை விட்டுவிடுங்கள். உங்கள் கூடப்பிறந்த தம்பிக்கு, அதாவது பையனின் தாய்மாமனுக்குக் குழந்தை உண்டா என்று டாக்டர் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

மருமகளை எந்த மரத்தையும் சுற்றச் சொல்லாதீர்கள்.

கவுன்ட் பூஜ்யம். விரையைக் கீறித்தான் காரணம் தெரிந்துகொள்ள முடியுமா? (வாசகர், காரைக்குடி)

தெரிய வேண்டியது, உற்பத்தியே இல்லையா அல்லது குழாயில் அடைப்பா என்பது. இங்கேதான் ‘எந்தப் புரதம் எங்கே வெளிப்படுகிறது’ என்ற அறிவு கைகொடுக்கிறது. டொராண்டோ ஆய்வாளர்கள் 2013இல் இரண்டு புரதங்களைக் காட்டினார்கள். டெக்ஸ்101, விரையின் விந்தணுச் செல்களிலிருந்து வருவது. ஈ.சி.எம்.1, விரையை அடுத்த எபிடிடிமிஸிலிருந்து வருவது. விந்தில் ஈ.சி.எம்.1 அறவே குறைந்தால் வழியில் அடைப்பு என்று பொருள். அது இருந்து டெக்ஸ்101 இல்லையென்றால் உற்பத்தியில் கோளாறு. கத்தி இல்லாமல் ஒரு துளி விந்தில் துப்பு. உங்கள் மருத்துவர் முதலில் கையால் பரிசோதித்து, எஃப்.எஸ்.ஹெச். பார்த்து, ஸ்கேன் எடுப்பார். அதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இக்ஸி செய்து, ஊசியால் முட்டைக்குள்ளேயே விட்டும் கருவாகவில்லையே? (வாசகி, மலேசியா)

1992இல் பிரஸ்ஸல்ஸிலிருந்து அறிவிக்கப்பட்ட முறை அது. வாசல் பிரச்சினைகளை எல்லாம் தாண்டிவிடும். ஆனால் உள்ளே போன விந்தணு முட்டையை எழுப்ப வேண்டும். எழுப்பும் புரதம் பி.எல்.சி. ஸீட்டா. 2002இல் கார்டிஃபில் அதன் ஆர்.என்.ஏ.வை மட்டும் எலி முட்டைக்குள் செலுத்தினார்கள். முட்டையே அந்தப் புரதத்தைச் செய்து, கால்சியம் அலைகளை எழுப்பி, விந்தணு இல்லாமலே பிளாஸ்டோசிஸ்ட் என்ற ஆரம்பக் கரு நிலைவரை வளர்ந்தது! சில ஆண்களின் விந்தணுவில் இந்தப் புரதம் இல்லை அல்லது குறைவு. அப்படிப்பட்டவர்களுக்குக் கால்சியம் அயனோஃபோர் கொண்டு முட்டையைத் தூண்டும் வழி இருக்கிறது. அடுத்த முறைக்கு முன் இதைக் கேளுங்கள்.

சிட்டுக்குருவி லேகியம்? (பெயர், ஊர் இரண்டும் இல்லை)

இஸுமோவைப் பற்றி ஒரு வரி எழுத மரபணு நீக்கிய எலி, நீக்காத எலி, பல வருட உழைப்பு எல்லாம் தேவைப்பட்டன. லேகியத்துக்கு ஒரு காம்பவுண்டு சுவர் போதுமாக இருக்கிறது. குருவியை விட்டுவிடுங்கள்.

ஜீன்ஸா, வேட்டியா? (வாசகர், மதுரை)

விரைக்கு உடம்பைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சி வேண்டும். 2018இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 656 ஆண்களின் உள்ளாடையை விசாரித்தார்கள். தளர்வாக அணிந்தவர்களின் விந்தணு அடர்த்தி 25 சதவீதம் அதிகம். வேட்டியைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. மதுரைக்கு வரவில்லை போலிருக்கிறது.

ஆண்களுக்கு ஒரு மாத்திரை கண்டுபிடிக்க இத்தனை காலமா? இரண்டு பெற்றவள் கேட்கிறேன். (வாசகி, தஞ்சாவூர்)

நியாயமான கோபம். பெண் மாதம் ஒரு முட்டையைத் தருகிறாள். ஆண் தினமும் கோடிக்கணக்கில். நிறுத்துவது கடினம் என்பது ஒரு காரணம். கம்பெனிகளுக்கு அவசரமில்லை என்பது இன்னொன்று.

விந்தணுவின் மேல் படியும் எப்பின் என்ற புரதத்துக்கு எதிராக நம் நாட்டுக் குரங்குகளுக்கே தடுப்பூசி போட்டுப் பார்த்தார்கள். 2004இல் முடிவு வந்தது. எதிர்ப்புப் பொருள் நன்றாக உருவான ஏழு குரங்குகளுக்கும் குட்டியில்லை. ஊசியை நிறுத்தியபின் ஐந்து மீண்டன. மீதி இரண்டின் கதி மனிதனுக்கு வந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி அங்கேயே நிற்கிறது. நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரி 2023இல் வேறு வழியைக் காட்டியது. விந்தணுவை ஓடவைக்கும் ஒரு நொதியைத் தற்காலிகமாகக் கட்டிப்போடும் மருந்து. எலிக்கு ஒரு வேளை கொடுத்தால் இரண்டரை மணி நேரம்வரை விந்தணு அசையாது. மறுநாள் எல்லாம் பழையபடி. எலிகளுக்கு விமோசனம் வந்துவிட்டது. உங்கள் வீட்டுக்காரருக்கு இப்போதைக்கு ஆணுறை, வாசக்டமி இரண்டும் உண்டு. இரண்டாவதைச் சொல்லிப் பாருங்கள், எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்.

ஆய்வகத்திலேயே விந்தணுவை வளர்த்துவிட முடியாதா? (வாசகர், யாழ்ப்பாணம்)

எலிக்கு முடிந்தது. 2011இல் யோகோஹாமாவில் தகேஹிகோ ஒகாவா குழு, எலிக்குட்டியின் விரைத் திசுவைத் துண்டாக்கித் தட்டில் வளர்த்தே விந்தணு எடுத்தது. அதிலிருந்து குட்டிகளும் பிறந்தன. மனிதனுக்கு அது இன்னும் கைகூடவில்லை. யாராவது விளம்பரம் செய்தால் பர்ஸைப் பத்திரப்படுத்துங்கள்.

கல்யாணமாகி ஒன்றரை வருடம். யாருக்கு முதலில் பரிசோதனை? (தம்பதி, திருப்பூர்)

இரண்டு பேருக்கும், ஒரே வாரத்தில். குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. ஆனாலும் மனைவிக்கு ஸ்கேன், எக்ஸ்ரே, லேப்ரோஸ்கோபி எல்லாம் முடிந்த பிறகுதான் கணவர் ‘வேலை இருக்கு’ என்று முனகிக்கொண்டே லேபுக்குப் போகிறார். ஆணுக்கு முதல் பரிசோதனையில் ஊசிகூடக் கிடையாது. இரண்டு முதல் ஏழு நாள் உறவு இல்லாமல் இருந்து மாதிரி கொடுக்க வேண்டும், அவ்வளவே. சமீபத்தில் கடும் காய்ச்சல் வந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு விந்தணு உருவாக எழுபது நாட்களுக்கு மேல் ஆகும் என்பதால், முதல் முடிவு மோசமாக இருந்தாலும் மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள். திருப்பூர்க் கணவரே, கம்பெனிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, நாளைக் காலை நீங்கள் முதலில் போய்விட்டு வாருங்கள்.